ஸ்டேஷன் படி முதல் தடவை ஏறுறவங்களுக்கு: கோர்ட் ஆர்டர் இல்லாம போலீஸ் என்ன பண்ணலாம், எங்க நிக்கணும்

போன வருஷம் எங்க தெருவுல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்ல பூட்டை உடைச்சு நகை போயிடுச்சு, மனுஷன் ராத்திரி முழுக்க தூங்காம காலைல ஸ்டேஷனுக்கு ஓடினா, அங்க இருந்தவர் சாவகாசமா "கோர்ட்ல ஒரு ஆர்டர் வாங்கிட்டு வந்துடுங்க சார், விசாரிச்சிடலாம்"னு அனுப்பி விட்டுட்டாரு. இவரும் அதை நம்பி வக்கீலைத் தேடி ரெண்டு நாள் அலைஞ்சிருக்காரு. அதுக்குள்ள வீட்டைப் பெருக்கித் துடைச்சதுல கைரேகை எல்லாம் போச்சு. அந்த மாதிரி கேஸுக்கு ஆர்டரே வேணாம்னு யாரும் அவருக்குச் சொல்லல. இதுக்கு நேர் எதிரா இன்னொரு பையன், ஏதோ வாய்த்தகராறுல சும்மா கூப்பிட்டு ஸ்டேஷன்ல உக்கார வச்சப்ப "அவங்க போலீஸ், அவங்க என்ன வேணா பண்ணலாம்"னு ராத்திரி வரைக்கும் வாயே தெறக்காம உக்காந்திருந்தான். ரெண்டு பேருக்கும் ஒரே பிரச்சனைதான், போலீஸுக்கு தானா இருக்கிற அதிகாரம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு தெரியல. அதைத்தான் இங்க வரிசையா எழுதுறேன், புகார் கொடுக்கப் போறவங்களுக்கும் சேர்த்து, கூப்பிட்டு விட்டவங்களுக்கும் சேர்த்து.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடுறேன். 2024 ஜூலை 1-ல இருந்து பழைய சி.ஆர்.பி.சி., ஐ.பி.சி. எல்லாம் போயிடுச்சு. இப்ப போலீஸ், கோர்ட் நடைமுறைக்கு பி.என்.எஸ்.எஸ்., குற்றத்துக்கும் தண்டனைக்கும் பி.என்.எஸ்., சாட்சியத்துக்கு பி.எஸ்.ஏ.ன்னு மூணு புது சட்டம். எஃப்.ஐ.ஆர். போடுற பழைய 154 இப்ப 173, விசாரணை அதிகாரம் சொல்ற பழைய 156 இப்ப 175. வயசான ஏட்டுங்க இன்னும் பழைய நம்பர்லதான் பேசுவாங்க, குழம்பிக்காதீங்க.

முதல்ல உங்க கேஸ் எந்த வகைன்னு பாருங்க

குற்றம் ரெண்டு வகை. காக்னிசபிள்னு ஒண்ணு, தமிழ்ல பிடியாணை இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னு சொல்லுவாங்க, கொலை, கொள்ளை, பாலியல் வன்முறை, ஆள் கடத்தல், வீடு புகுந்து திருடுறது எல்லாம் இதுல வரும். இதுல ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி யாரோட ஆர்டரும் இல்லாம விசாரணை ஆரம்பிக்கலாம், 175(1) அதைத்தான் சொல்லுது. இன்னொண்ணு நான்-காக்னிசபிள். அவதூறு, ஒரு அறை விட்டது மாதிரி சாதாரண காயம், இதெல்லாம். இதுல மாஜிஸ்திரேட் ஆர்டர் இல்லாம போலீஸ் விசாரிக்கவே கூடாது, 174(2). புகாரோட சாராம்சத்தைப் புக்ல எழுதிட்டு உங்களை மாஜிஸ்திரேட் கிட்ட போகச் சொல்லணும், அவ்ளோதான். அப்ப "கோர்ட்டுக்குப் போ"ன்னு சொல்றது எல்லா நேரமும் தட்டிக் கழிக்கிறது இல்ல, சில நேரம் அதுதான் சட்டம். எந்த நேரம்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டா போதும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? பி.என்.எஸ்.எஸ். கடைசில முதல் அட்டவணைன்னு ஒரு நீளமான டேபிள் இருக்கு, ஒவ்வொரு செக்ஷனுக்கும் நாலாவது நெடுவரிசைல காக்னிசபிளா இல்லையான்னும், அஞ்சாவது நெடுவரிசைல ஜாமீன் உண்டா இல்லையான்னும் போட்டிருக்கும். இந்த ரெண்டு நெடுவரிசையையும் போட்டுக் குழப்பிக்காதவங்க கம்மி. காக்னிசபிள்னா ஜாமீன் கிடைக்காதுன்னு அர்த்தம் இல்ல, அஜாக்கிரதையா வண்டி ஓட்டி ஆள் செத்துப்போனா போடுற பி.என்.எஸ். 106(1) காக்னிசபிள்தான், ஆனா ஜாமீன்ல விடக்கூடியது. பி.என்.எஸ். தவிர மத்த சட்டத்துல வர்ற குற்றத்துக்கு, அந்தச் சட்டமே வேற மாதிரி சொல்லாத வரைக்கும், ஒரு பொது ரூல் வச்சிருக்காங்க, 3 வருஷமும் அதுக்கு மேலயும் தண்டனைன்னா காக்னிசபிள், 3 வருஷத்துக்குக் கீழனா இல்ல.

எல்லைக்கோடு எங்கெங்க ஓடுதுன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கும். திருட்டுன்னா காக்னிசபிள்தானேன்னு நினைப்போம், ஆனா புது சட்டத்துல 5,000 ரூபாய்க்கும் கம்மியான பொருளை முதல் தடவையா திருடி, பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்துட்டா சமூக சேவைதான் தண்டனை, அந்த வகை நான்-காக்னிசபிள்ல போயிடுச்சு. அதனால தொலைஞ்ச போனோட பில்லைத் தேடி எடுத்துட்டுப் போங்க, விலை முக்கியம். அடிதடியிலயும் அப்படித்தான். வெறும் காயம்னா பி.என்.எஸ். 115(2), மாஜிஸ்திரேட் ஆர்டர் வேணும். எலும்பு முறிஞ்சிருந்தாலோ பல்லு போயிருந்தாலோ அது கொடுங்காயம், 117(2), ஆர்டர் வேணாம். ஆயுதத்தால அடிச்சிருந்தா 118, அதுவும் வேணாம். அதனாலதான் அடிபட்டவங்க மொதல்ல கவர்மென்ட் ஆஸ்பத்திரி போய் ஏ.ஆர். (காயத்தைப் பதிவு பண்ற ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர்) போட்டுக்கணும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுவாங்க, எக்ஸ்ரேல தெரியுற ஒரு விரிசல் உங்க கேஸையே வேற பக்கம் தள்ளிடும். பணம் ஏமாந்த விஷயத்துல, 318(2) வெறும் ஏமாத்து, அது நான்-காக்னிசபிள். ஏமாத்தி ஒரு பொருளையோ பணத்தையோ கைமாத்தினா 318(4), அது காக்னிசபிள். ஆனா கடன் வாங்கினவன் திருப்பித் தரலைங்கறது மட்டும் ஏமாத்து ஆகாது, வாங்கும்போதே தரக்கூடாதுன்ற எண்ணம் இருந்துச்சுன்னு காட்டணும், இல்லன்னா "சிவில் மேட்டர்"னு சொல்லி அனுப்பிடுவாங்க, அப்படிச் சொன்னா பல நேரம் சரியாவும் இருக்கும்.

இதுல ஒரு தந்திரம் இருக்கு. ஒரே சம்பவத்துல பத்து குற்றம் இருந்து அதுல ஒண்ணே ஒண்ணு காக்னிசபிளா இருந்தாலும் மொத்தமும் காக்னிசபிள் கேஸாதான் கருதப்படும், 174(4). நம்ம ஊர் வக்கீலுங்க தூக்கத்துல கேட்டாக்கூட சொல்ற பழைய ஐ.பி.சி. 294(பி), 323, 506ங்கற (அசிங்கமா திட்டுறது, சாதாரண காயம், மிரட்டல்) மூணு நம்பர் ஜோடி இப்படித்தான் பொறந்துச்சு. 323 நான்-காக்னிசபிள், ஆனா பொது இடத்துல அசிங்கமா திட்டினான்ற 294(பி) காக்னிசபிள். திட்டினதைச் சேர்த்துட்டா விசாரணைக்குக் கதவு தெறந்துடும். இப்ப அதுங்க 296(பி), 115(2), 351ன்னு நம்பர் மாறி வருது, ஆட்டம் அதேதான்.

எஃப்.ஐ.ஆர். போடுற கட்டம்

வாயால சொன்னாலே போதும், அவங்க எழுதி, படிச்சுக் காட்டி, உங்க கையெழுத்து வாங்கணும். இருந்தாலும் எழுதியே எடுத்துட்டுப் போங்க, தேதி, நேரம், இடம், யாரு, என்ன போச்சு, யாரு பார்த்தாங்க. மின்னஞ்சல் மாதிரி எலக்ட்ரானிக் வழியாவும் அனுப்பலாம், ஆனா 3 நாளைக்குள்ள போய் கையெழுத்துப் போடணும். எங்க நடந்துச்சுங்கறதும் தடை இல்ல. சென்னைல ஏறி சேலத்துல பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் பையைக் காணோம்னு தெரியுது, விழுப்புரத்துல போச்சா ஆத்தூர்ல போச்சான்னு யாருக்குத் தெரியும், பக்கத்துல இருக்கிற ஸ்டேஷன்லயே கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டியது அவங்க வேலை. ஆன்லைன்ல பணம் போச்சுன்னா முதல் வேலையா சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் பண்ணிடுங்க, ஸ்டேஷன் எல்லாம் அப்புறம்.

தமிழ்நாட்டுல பெரும்பாலும் உங்க கைல முதல்ல ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பாங்க. அது எஃப்.ஐ.ஆர். இல்ல, புகார் வந்துச்சுன்னு ஒப்புக்கிட்ட சீட்டு, அவ்ளோதான். அதை வாங்கிட்டு "கேஸ் போட்டுட்டாங்க"ன்னு மாசக்கணக்குல காத்திருக்கிறவங்க நிறைய. எஃப்.ஐ.ஆர்.னா அதுல குற்ற எண்ணும் செக்ஷனும் இருக்கும், காப்பி உங்களுக்கு இலவசமா தரணும், கேட்டு வாங்குங்க.

காக்னிசபிள் குற்றம்னு புகாரைப் படிச்சாலே தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு 2013-ல லலிதா குமாரி வழக்குல உச்ச நீதிமன்றத்தோட 5 நீதிபதிங்க சொல்லிட்டாங்க. குடும்பத் தகராறு, வியாபாரத் தகராறு, மருத்துவ அலட்சியம், ஊழல், ரொம்ப நாள் கழிச்சு வர்ற புகார், இந்த மாதிரி விஷயங்கள்ல மட்டும் ஒரு சின்ன முன்விசாரணை பண்ணலாம்னு விட்டாங்க. புது சட்டம் இன்னொரு வழியும் தெறந்து விட்டிருக்கு, 3 வருஷத்துல இருந்து 7 வருஷத்துக்குக் கம்மியா தண்டனை உள்ள குற்றமா இருந்தா டி.எஸ்.பி. அனுமதியோட 14 நாள்ல முன்விசாரணை, 173(3). என் கருத்துக்கு இந்த 14 நாள் சமாச்சாரம் புகார்தாரரை அலைய விட வசதியா ஆயிடுச்சு, அதனால "ப்ரிலிமினரி என்கொயரி"ன்னு சொன்னா, டி.எஸ்.பி. பர்மிஷன் வாங்கியாச்சா, 14 நாள் என்னைக்கு முடியுதுன்னு மரியாதையா கேட்டு வச்சுக்கோங்க. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல வர்ற புகாருக்கு இந்த முன்விசாரணையே கிடையாது, விசாரிக்கிறவரும் டி.எஸ்.பி. ரேங்க்ல இருக்கணும்.

வாங்கவே மாட்டேன்னா? புகாரை எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்ட்ல அனுப்புங்க, சிட்டியா இருந்தா டெபுடி கமிஷனருக்கு, ரசீதை பத்திரமா வைங்க. அதுக்கும் அசையலைன்னா 175(3)-ல மாஜிஸ்திரேட் கிட்ட மனு, கூடவே அஃபிடவிட். எஸ்.பி.க்குப் போகாம நேரா கோர்ட்டுக்குப் போனா மனு நிக்காது, அந்தத் தபால் ரசீதுதான் படிக்கட்டு. பாலியல் வன்கொடுமை மாதிரி புகாரை எழுத மறுத்தா அந்த அதிகாரி மேலேயே பி.என்.எஸ். 199-ல 6 மாசத்துல இருந்து 2 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்குங்கறதையும் தெரிஞ்சுக்கோங்க.

எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு, இனி அவங்க என்ன பண்ணுவாங்க

எஃப்.ஐ.ஆர். காப்பி ஒண்ணு உடனே மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். இதைப் பார்த்துட்டு சிலர் "அப்ப கோர்ட் பர்மிஷன் வேணும்தானே"ன்னு கேப்பாங்க, இல்லங்க, அது தகவல், அனுமதி கேக்கிற கடிதாசி இல்ல. விசாரணை போலீஸோட வேலை, தீர்ப்பு கோர்ட்டோட வேலை, ஒருத்தர் வேலைல இன்னொருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு வெள்ளைக்காரன் காலத்துல மேல்முறையீட்டுக்குக் கடைசி கோர்ட்டா லண்டன்ல இருந்த பிரிவி கவுன்சிலே சொல்லிடுச்சு. இன்னாரைக் குற்றவாளின்னு சார்ஜ் ஷீட் போடுன்னு மாஜிஸ்திரேட் கூட போலீஸை உத்தரவு போட முடியாது. ஆனா அந்தக் காப்பி சீக்கிரம் கோர்ட்டுக்குப் போறதுல ஒரு அர்த்தம் இருக்கு, பின்னாடி உக்காந்து கதையை மாத்தி எழுத முடியாது. லேட்டா போன எஃப்.ஐ.ஆரை கோர்ட்ல எதிர்த்தரப்பு வக்கீல் பிடிச்சு உலுக்குறது இதனாலதான்.

அப்புறம் ஸ்பாட்டுக்கு வருவாங்க, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதுற குறிப்பு) எழுதுவாங்க, மாதிரி வரைபடம் போடுவாங்க, ரெண்டு சாட்சி கையெழுத்து. 7 வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள குற்றம்னா தடயவியல் ஆள் ஸ்பாட்டுக்கு வரணும்னு 176(3) சொல்லுது, ஆனா எந்த மாநிலம் எப்பலேர்ந்துன்னு 5 வருஷத்துக்குள்ள அறிவிச்சா போதும்னு அவகாசம் கொடுத்திருக்காங்க. அவங்க வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க, பெருக்காதீங்க. வாத்தியார் வீட்டுக் கதை ஞாபகம் இருக்கட்டும்.

சாட்சியா கூப்பிட்டா

போன் பண்ணி "சும்மா ஸ்டேஷன் பக்கம் வந்துட்டுப் போங்க"ன்னு சொல்லுவாங்க. 179-படி சாட்சியைக் கூப்பிடணும்னா எழுத்துல கூப்பிடணும், அதுவும் அந்த ஸ்டேஷன் எல்லையிலோ பக்கத்து ஸ்டேஷன் எல்லையிலோ இருக்கிறவங்களைத்தான். பெண்கள், 15 வயசுக்குக் கீழ இருக்கிற பசங்க, 60 தாண்டின ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், ரொம்ப உடம்பு முடியாதவங்க, இவங்களை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது, அவங்க வீட்டுக்கு போலீஸ்தான் போகணும். நீங்களா விருப்பப்பட்டு போனா அது வேற. சின்ன விஷயம்னா போன்ல கூப்பிட்டாலும் போய் பேசிட்டு வர்றதுதான் நடைமுறைல சுலபம்னு நான் சொல்லுவேன், எல்லாத்துக்கும் சட்டம் பேசிட்டு நிக்க வேணாம், ஆனா ரெண்டாவது தடவை, மூணாவது தடவைன்னு இழுத்தா எழுத்துல குடுங்கன்னு கேளுங்க.

உள்ள போனதும் சொல்றதை எழுதிக்குவாங்க. இது ரொம்ப முக்கியம், சாட்சியோட இந்த வாக்குமூலத்துல உங்க கையெழுத்து வாங்கவே கூடாது, 181 தெளிவா சொல்லுது. புகார்ல கையெழுத்து போடுவீங்க, மகஜர்ல சாட்சின்னா போடுவீங்க, வாக்குமூலத்துல கிடையாது, வெத்துப் பேப்பர்ல எந்த ஜென்மத்துலயும் கிடையாது. கேட்டதுக்கு உண்மையைச் சொல்லணும், ஆனா உங்களையே குற்றத்துல மாட்டிவிடுற கேள்விக்கு பதில் சொல்லாம இருக்க உரிமை இருக்கு.

சாட்சியா இல்ல, சந்தேகப்படுற ஆளா கூப்பிட்டா அதுக்கு வேற நோட்டீஸ், 35(3). கைது தேவைப்படாத கேஸ்ல, முக்கியமா 7 வருஷம் வரைக்கும் தண்டனை உள்ளதுல, நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கணும், நீங்க ஒழுங்கா போய் ஒத்துழைச்சா கைது பண்ணக்கூடாது, பண்ணியே ஆகணும்னா காரணத்தை எழுதி வைக்கணும். இதையே வலியுறுத்தி 2014-ல உச்ச நீதிமன்றம் கொடுத்த அர்னேஷ் குமார் தீர்ப்புக்கு அப்புறம் போலீஸுக்கு இதுல கொஞ்சம் பயம் வந்திருக்கு. வாட்ஸ்அப்ல இந்த நோட்டீஸ் அனுப்பினா செல்லாதுன்னு 2025 ஜனவரில உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதுக்காக வாட்ஸ்அப்ல வந்ததைப் பார்த்துட்டு சும்மா இருந்துடாதீங்க, வக்கீலைப் பார்த்து எழுத்துல பதில் போட்டுடுங்க. போகாம இருந்தீங்கன்னா கைதுக்குக் காரணத்தை நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி.

வீட்டை சோதனை போட வந்தா

வாரன்ட் எங்கன்னு கேக்கலாம், ஆனா இல்லாமலும் வரலாம். வாரன்ட் வாங்கப் போற நேரத்துல பொருள் கைமாறிடும்னு நம்ப காரணம் இருந்தா 185-ல சோதனை போடலாம், ஆனா என்ன தேடுறோம், ஏன் தேடுறோம்னு முன்னாடியே கேஸ் டைரில எழுதணும், அந்தக் காப்பி 48 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட்டுக்குப் போகணும், வீட்டுக்காரர் மனு போட்டு இலவசமா வாங்கிக்கலாம். அந்த வட்டாரத்துல இருக்கிற ரெண்டு பேர் சாட்சியா இருக்கணும். முழுசா வீடியோ எடுக்கணும், இது புதுசா வந்தது. எடுத்துட்டுப் போற ஒவ்வொண்ணையும் லிஸ்ட் போட்டு உங்களுக்கு ஒரு காப்பி. மொபைலை எடுத்தா மாடலும் ஐ.எம்.இ.ஐ. நம்பரும் லிஸ்ட்ல இருக்கான்னு நின்னு பார்த்து வாங்குங்க. தடுக்காதீங்க, கைகலப்பு வேணாம், அது தனி கேஸா ஆயிடும்.

பேங்க் அக்கவுண்ட் முடக்குறதும் இப்படித்தான் வருது, பி.என்.எஸ்.எஸ். 106. முகம் தெரியாத யாரோ அனுப்பின 2,000 ரூபாய்க்காக வேற மாநில சைபர் போலீஸ் அக்கவுண்ட்டை நிறுத்திட்டாங்கன்னு புலம்புறவங்க இப்ப ரொம்ப ஜாஸ்தி. முடக்கினதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரியப்படுத்தணும்ங்கறது சட்டம். பேங்க்ல போய் எந்த ஸ்டேஷன், என்ன நம்பர்ல கடிதம் வந்துச்சுன்னு எழுதி வாங்கிட்டு, அந்த ஸ்டேஷனுக்கு விளக்கம் அனுப்பி, நடக்கலைன்னா அங்க இருக்கிற மாஜிஸ்திரேட் கிட்ட மனு போடணும்.

கைது, அதுக்கப்புறம் 24 மணி நேரம்

கைது பண்றவர் பேர் தெரியுற மாதிரி பேட்ஜ் போட்டிருக்கணும், கைது குறிப்பு எழுதணும், அதுல வீட்டு ஆளோ அந்தத் தெரு ஆளோ சாட்சிக் கையெழுத்து போடணும், எதுக்காக கைதுன்னு சொல்லணும், நீங்க சொல்ற ஒருத்தருக்குத் தகவல் கொடுக்கணும், டாக்டர் கிட்ட காட்டணும், வக்கீலைப் பார்க்க விடணும். பெண்களை சூரியன் மறைஞ்சதுக்கு அப்புறம் விடியறதுக்குள்ள கைது பண்ணக்கூடாது, தவிர்க்கவே முடியலைன்னா பெண் அதிகாரி எழுதிக் கொடுத்து மாஜிஸ்திரேட் அனுமதி வாங்கணும். 3 வருஷத்துக்குக் கீழ தண்டனை உள்ள குற்றத்துல 60 தாண்டினவங்களையும் உடம்பு தளர்ந்தவங்களையும் டி.எஸ்.பி. அனுமதி இல்லாம கைது பண்ண முடியாது. டாக்டர் கேக்கும்போது அடிச்சிருந்தா அங்கயே சொல்லிடணும், அப்ப பயந்து "கீழ விழுந்துட்டேன்"னு சொல்லிட்டு அப்புறம் மாத்திச் சொன்னா நிரூபிக்கிறது ரொம்ப கஷ்டம்.

24 மணி நேரம், பயண நேரம் தவிர. இங்கதான் போலீஸோட சொந்த அதிகாரம் முடியுது. அதுக்கு மேல ஒரு நிமிஷம் வச்சிருக்கணும்னாலும் மாஜிஸ்திரேட் ரிமாண்ட் உத்தரவு வேணும். போலீஸ் கஸ்டடி மொத்தமா 15 நாள்தான், ஆனா புது சட்டத்துல அதை ஒரேடியா எடுக்காம முதல் 40 நாள்லயோ, பெரிய குற்றம்னா முதல் 60 நாள்லயோ பிரிச்சுப் பிரிச்சு எடுத்துக்கலாம். 10 வருஷமோ அதுக்கு மேலயோ, ஆயுளோ, தூக்கோ உள்ள குற்றத்துக்கு 90 நாள், மத்ததுக்கு 60 நாள், அதுக்குள்ள சார்ஜ் ஷீட் போடலைன்னா ஜாமீன் உங்க உரிமை. ஆனா தானா வராது, மனு போடணும், சார்ஜ் ஷீட் உள்ள போறதுக்கு முன்னாடி போடணும். ஒரு நாள் அசந்தா போச்சு. இன்னொண்ணு, ஸ்டேஷன்ல "ஆமா நான்தான் பண்ணேன்"னு சொன்னது கோர்ட்ல சாட்சியம் ஆகாது, ஆனா நீங்க காட்டிக் கொடுத்து பொருள் கிடைச்சா, அந்த அளவுக்கு மட்டும் சேரும்.

புகார் கொடுத்தவங்களுக்கு கடைசியா

90 நாளைக்குள்ள விசாரணை எந்த அளவுல இருக்குன்னு உங்களுக்கு அவங்களே தெரியப்படுத்தணும், 193(3), போன் மெசேஜா இருந்தாலும் சரி. வரலைன்னா குற்ற எண்ணைப் போட்டு எழுத்துல கேளுங்க. முடிவுல ஒண்ணு சார்ஜ் ஷீட் வரும், இல்லன்னா கேஸை மூடுறோம்னு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வரும், அதுல "மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்"னோ "கண்டுபிடிக்க முடியல"ன்னோ காரணம் போட்டிருக்கும். பலபேர் கான்ஸ்டபிள் கொண்டு வந்து நீட்டின பேப்பர்ல என்னன்னே படிக்காம கையெழுத்து போட்டு அனுப்பிடுறாங்க. ஒத்துக்கலைன்னா மாஜிஸ்திரேட் கிட்ட ஆட்சேபணை மனு போடலாம், அவர் மேற்கொண்டு விசாரிக்கச் சொல்லலாம், இல்ல போலீஸ் ரிப்போர்ட்டை ஏத்துக்காம கேஸைத் தானே எடுத்துக்கலாம். வக்கீல் வைக்கக் காசு இல்லன்னா 15100, இலவச சட்ட உதவி. நோட்டீஸை வாங்கும்போது வாங்கின தேதியை உங்க கையால எழுதிப் போடுங்க, அவங்க முன்தேதி போட்டுக்கிட்டா அப்புறம் சண்டை அந்தத் தேதிக்காகத்தான் நடக்கும்.